ஈரக்கைக்கு ஆகாத கம்பி

பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் அருப்புக்கோட்டையில் பாதித் தெரு என்னோடு சண்டைக்கு வரும். "அவுக எம்புட்டு நல்ல மனுசி, அவுகளப் போயி இப்பிடி எழுதியிருக்கியே" என்பார்கள். நல்ல மனுஷிதான். நான் இல்லையென்று சொல்லவே இல்லை. நல்ல மனுஷியாக இருந்ததுதான் எனக்கு இன்றுவரை வயிற்றெரிச்சல். கெட்டவளாக இருந்திருந்தால் அன்றைக்கே நறுக்கென்று நாலு கேள்வி கேட்டுவிட்டு மறந்திருப்பேன்.

போன மாதம் அப்பா போன் செய்து, "வீட்டுக்காரம்மா தவறிட்டாக" என்றார். எந்த வீட்டுக்காரம்மா என்று நான் கேட்கவில்லை. எத்தனையோ வாடகை வீடு மாறியிருக்கிறோம், ஆனால் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஆள்தான். பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. "மாலை வாங்கிட்டுப் போங்க. வெறுங்கையோட போயி நிக்காதீக" என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாலையாம். போனை வைத்துவிட்டேன்.

நான் அந்த வீட்டுக்காரம்மாவைப் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டேன். கூப்பிடச் சொன்னதே அவள்தான். குடிபோன அன்றைக்கு நான் "ஆன்ட்டி" என்றதும் முகத்தைச் சுளித்தாள். "ஆன்ட்டியாவது பூன்ட்டியாவது. வாய் நெறயப் பெரியம்மான்னு கூப்பிடு தாயி" என்றாள். அம்மாவைத் "தங்கச்சி" என்றாள். அப்பாவுக்கு மட்டும் மரியாதையாக ஒரு "நீங்க".

பந்தல்குடி ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் தெருவில் வீடு. பகலெல்லாம் விசைத்தறிச் சத்தம் கேட்கும். கீழே அவள் தனியாக இருந்தாள், மாடியில் நாங்கள். மாடிப்படி வீட்டுக்கு வெளியே, தெருவைப் பார்த்து இருந்தது. அந்தப் படியின் கைப்பிடிக் கம்பியைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். கீழேயிருந்து மேலே வரை ஒரே ஓட்டமாக ஓடி, மாடித் தாழ்வாரத்தையும் சுற்றிக்கொண்டு போகும் இரும்புக் கம்பி. நடுநடுவே மாங்காய் வடிவத்தில் வளைத்து வைத்திருந்தார்கள். அவள் வீட்டுக்காரர் பஞ்சுக் கமிஷன் வியாபாரி. சாவதற்கு முந்திய வருஷம் பட்டறையில் தானே உட்கார்ந்து அடித்து வாங்கியதாம். அந்தத் தெருவில் அப்படி ஒரு கம்பி வேறு வீட்டில் கிடையாது.

மற்ற வீடுகளில் விடிந்ததும் வாசல் தெளித்துக் கோலம் போடுவார்கள். இவள் வீட்டில் முதலில் கம்பி, அப்புறம்தான் கோலம். பழைய வேட்டித் துணியால் முதலில் தூசியைத் தட்டுவாள். நம் ஊர்த் தூசியைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? ஆடி மாதக் காற்றில் ஒரு நாள் விட்டால் கம்பியில் பேர் எழுதலாம். அப்புறம் இன்னொரு துணியில் மண்ணெண்ணெயும் கொஞ்சம் தேங்காயெண்ணெயும் தொட்டு, மேலேயிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டு வருவாள். எங்கேயாவது பெயிண்ட் உப்பியிருந்தால் விரல் நகத்தால் தட்டிப் பார்ப்பாள். உள்ளே துரு இருந்தால் உப்புத்தாளை எடுத்துத் தேய்த்து, செவப்புப் பெயிண்ட் ஒரு பூச்சு, காய்ந்ததும் மேலே பச்சை. கம்பி படிக்குள் இறங்கும் அடிப்பாகத்தில் தண்ணீர் நிற்கக்கூடாது என்று அங்கே குச்சியால் குத்திக் குத்தித் துடைப்பாள். தண்ணீர் மட்டும் படவே கூடாது. போர்த் தண்ணீர் எங்கள் பக்கம் உப்பு. "உப்புத் தண்ணி பட்டா இரும்பு அழுதுரும்" என்பாள்.

அவளிடம் பேசுவதென்றால் அந்த நேரத்தில்தான் பேச வேண்டும். கை ஓடிக்கொண்டிருக்கும், வாயும் ஓடிக்கொண்டிருக்கும். கோயம்புத்தூரில் இருக்கும் மகனைத் திட்டுவாள், மருமகளைப் புகழ்வாள், மறுநாள் அதை மாற்றிச் செய்வாள். தேர்தல் சமயத்தில் ஒரு கட்சிக்காரன் கொடி கட்டக் கம்பியில் கயிற்றைச் சுற்றிவிட்டான். துணியும் கையுமாகத் தெருவுக்கே இறங்கிவிட்டாள். "ஓட்டு வேணா போடுறேன்டா. எங் கம்பியில முடிச்சுப் போட்டே, கைய முறிச்சுப் போடுவேன்!" அவன் கொடியை மின்கம்பத்தில் கட்டிவிட்டுப் போனான். அப்பா மின்வாரியத்தில் வயர்மேன். சாயங்காலம் அதை அவிழ்ப்பது அவர் வேலையாயிற்று. இதைச் சொல்லிச் சொல்லி ரொம்ப நாள் சிரித்தோம்.

எங்களுக்கு வீடு கிடைத்த கதையைச் சொல்ல வேண்டும். அப்பாவுக்குத் திருச்சுழிப் பக்கத்திலிருந்து டவுனுக்கு மாற்றலாகியிருந்தது. நான் பதினொன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வீடு வேண்டுமென்று அவர் அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமில்லை. போன வீட்டிலெல்லாம் முதலில் சம்பளம் கேட்பார்கள், சந்தோஷப்படுவார்கள். அடுத்து ஊர் கேட்பார்கள். அதற்கடுத்து, "ஊருக்குள்ளயா, காலனியா?" காலனி என்றதும் வீட்டுக்கு ஏற்கெனவே ஆள் சொல்லியிருப்பது ஞாபகம் வந்துவிடும்.

பெரியம்மாவும் ஊர் கேட்டாள். அப்பா சொன்னார். அந்த ஊர்ப் பேரைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அட, எங்க மாமியாளுக்குப் பொறந்த ஊருல்ல! அப்ப நம்ம ஆளுகதேன்" என்று அவளே கேள்வியும் கேட்டு அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். அப்பா தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார். அலைந்து அலைந்து ஓய்ந்த மனுஷன் வேறு என்ன செய்வார்? ஒன்றும் சொல்லாமல் இருந்ததற்கு அப்பாவைக் குறை சொல்பவர்கள் வாடகைக்கு வீடு தேடிப் பார்க்கட்டும்.

அதற்கப்புறம் ராஜ உபசாரம்தான். அம்மாவுக்கு வலது முட்டி அப்போதே போயிருந்தது. சின்ன வயதில் கடலைக்காட்டில் குத்தவைத்துக் களையெடுத்தே தேய்ந்த முட்டி. படி ஏறும்போது எதையாவது பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும், விழுந்தால் அந்தக் கால் தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நல்ல தண்ணீர்க் குழாயோ கீழே இருந்தது. நகராட்சித் தண்ணீர் என்றைக்காவது ஒரு நாள்தான் வரும். வருகிற அன்று இருக்கிற குடத்தையெல்லாம் நிரப்பி மேலே ஏற்றியாக வேண்டும். ஈரக்கையோடு கம்பியைத் தொடக்கூடாது என்பது பெரியம்மாவின் சட்டம். பால்காரர்கூட வேட்டியில் கையைத் துடைத்துவிட்டுத்தான் ஏறுவார். அம்மாவுக்கு மட்டும் விலக்கு. "தங்கச்சி, ஈரக்கையா இருந்தாலும் நல்லாப் பிடிச்சு ஏறு. கம்பி போனாப் போவுது, கால் போனா வருமா? நான் பெறகு தொடச்சுக்கிறேன்" என்று கீழே நின்றுகொண்டு கத்துவாள். இதுவும் அதே வாய்தான் சொன்னது.

கோடை லீவில் அவள் பேரன் வந்தான். அந்தக் கம்பியில் குதிரை ஏறுவதுபோல் ஏறிக் கால்சட்டை பெல்ட்டோடு சர்ரென்று வழுக்கிக்கொண்டு வந்தான். மேலேயிருந்து கீழே வரை பெயிண்ட் கோடாகக் கிழிந்தது. செத்தான் பயல் என்று நினைத்தேன். அவள் கைதட்டிச் சிரித்தாள். "இன்னொருக்க வா ராசா!" அவன் போனபின் மூன்று நாள் உட்கார்ந்து பெயிண்ட் அடித்தாள். அப்போதும் முகத்தில் சிரிப்புத்தான்.

என் மாமா, அம்மாவுக்கு அண்ணன், பஸ் கண்டக்டர். மகள் கல்யாணப் பத்திரிகை வைக்க ஒரு மத்தியானம் வந்தார். சித்திரை வெயில். காக்கி உடுப்போடு வந்தவரைப் பெரியம்மா கீழேயே உட்கார வைத்து, ஃபேனைப் போட்டு, ஊர் விசாரித்திருக்கிறாள். மாமா ஒளித்து மறைத்துப் பேசத் தெரியாதவர். "நாங்க காலனிதேன்மா. மச்சான் வீடும் நம்ம வீட்டுக்கு அடுத்த வீடுதேன்" என்று சொல்லியிருக்கிறார். "அப்பிடியா" என்றாளாம். ஒரு செம்பு மோரும் கொடுத்தாளாம். நல்ல மோர் என்று மாமா பிறகு எங்களிடம் பாராட்டிச் சொன்னார்.

குரல் கேட்டு நானும் அம்மாவும் மாடியில் வந்து நின்றோம். மாமா கம்பியைப் பிடித்து, சூடு தாங்காமல் விட்டுவிட்டுப் பிடித்து ஏறி வந்தார். அவர் மேலே வந்து செருப்பைக் கழற்றும்போது பார்க்கிறேன், பெரியம்மா ஆணியிலிருந்து துணியை எடுத்துக்கொண்டு படியின் அடியில் நிற்கிறாள். துணியை நாலாக மடித்தாள். கீழேயிருந்து தொடங்கி, ஒவ்வொரு படியாக, மாமா கைபட்ட வழியே துடைத்துக்கொண்டு ஏறி வந்தாள். அந்த வெயிலில் அவள் ஒரு நாளும் கம்பியைத் தொட்டதில்லை. இரும்பு சுடும் என்று பதினோரு மணிக்கே உள்ளே போய்விடுவாள்.

மேலே வந்து எங்களைப் பார்த்ததும் சிரித்தாள். "ஒரே தூசி" என்றாள். "மாமாவுக்குச் சோறு போடும்மா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். தங்கச்சி போய் வெறும் "ம்மா" வந்துவிட்டது. எனக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அம்மாவுக்கு உடனே உறைத்துவிட்டது. கையில் வைத்திருந்த டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

வீட்டைக் காலி செய்யச் சொல்வாள் என்று எதிர்பார்த்தோம். சொல்லவில்லை. ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. எனக்கு அம்மை போட்டபோது வேப்பிலை ஒடித்துக்கொண்டு வந்து தலைமாட்டில் வைத்தது அவள்தான். மார்கழியில் பொங்கல் கொடுத்தனுப்பினாள். அந்தப் பாத்திரத்தைத் திருப்பி வாங்கிப் புழங்கவும் செய்தாள். கம்பி ஒன்றுதான். நாங்கள் ஏறினால் துடைப்பாள், இறங்கினால் துடைப்பாள். பால்காரர் ஏறி இறங்கினால் துடைப்பதில்லை. அவளுடைய சொந்தக்காரர்கள் வந்தால் துடைப்பதில்லை.

கெட்ட வார்த்தை ஒன்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம், ஸ்டேஷனுக்குப் போயிருக்கலாம். ஒரு துணியின் மேல் எங்கே போய்ப் புகார் கொடுப்பது? "எங்க வீட்டுக்காரம்மா வீட்டைச் சுத்தமா வச்சிருக்காங்க சார்" என்றா?

நான் சும்மா இருக்கவில்லை. கொழுப்பெடுத்த வயசு. இரண்டு கையாலும் கம்பியைத் தடவிக்கொண்டே இறங்குவேன். பாதியில் எதையோ மறந்ததுபோல் மறுபடி ஏறுவேன். தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு போய்ப் பிடிப்பேன். அவள் கோபப்படவே மாட்டாள். நான் தெருமுனை திரும்புவதற்குள் துணியோடு நிற்பாள். ஒரு நாள் தாங்க முடியாமல் கேட்டே விட்டேன்.

"ஏன் பெரியம்மா, இப்பத்தான தொடச்சீக?"

"கை வேர்வையில உப்பு இருக்குல்ல தாயி. இரும்புக்கு ஆகாது."

"ஒங்க பேரன் கையில உப்பு இல்லயா?"

"பச்சப் புள்ளைக்கு ஏது உப்பு?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு துளி விஷம் கிடையாது. அதுதான் என்னை அழ வைத்தது.

அப்பா வழக்கம்போல் சமாதானம் பேசினார். "காலி பண்ணச் சொன்னாகளா? இல்லேல்ல. வாடகையக் கூட்டுனாகளா? அதும் இல்லேல்ல. ஒனக்குப் பரீச்ச முடியட்டும், பாப்போம். தொடச்சாத் தொடச்சிட்டுப் போறாக."

அம்மா கம்பியைத் தொடுவதை விட்டுவிட்டாள். சுவர்ப் பக்கமாக ஒட்டி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, தொடையில் கையை ஊன்றி ஏறுவாள். குடம் இல்லாதபோதே பார்க்கச் சகிக்காது. தண்ணீர் வருகிற அன்றைக்கு மேலே நின்று அவள் ஏறும் படியை ஒவ்வொன்றாக எண்ணுவேன்.

"டாக்டர் என்ன சொன்னாரு? பிடிச்சு ஏறும்மா. வாடகை குடுக்குறோம்ல, கம்பிக்கும் சேத்துத்தான குடுக்குறோம்?"

"தொட்டாத்தான தொடைக்கிறா? நான் தொடல. எதத் தொடைப்பான்னு பாக்குறேன்."

"ஒன் ரோசத்துக்கு முட்டி ஒடஞ்சுதான் போகும்."

"போகட்டும்டி. அந்தத் துணி எம் பின்னால வாரதுக்கு அது தேவல."

பெரியம்மா இதைக் கவனிக்காமல் இல்லை. அம்மா சுவரோரமாக ஏறுவதைக் கோலமாவுக் கிண்ணத்தோடு நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒரு தடவை வாயைத் திறந்து, "பாத்து ஏறும்மா" என்றாள். பிடிச்சு ஏறு என்று மட்டும் வரவில்லை. அந்த ஒரு சொல்லை அவள் சொல்லியிருந்தால் அம்மா பிடித்திருப்பாள். எனக்கு நிச்சயமாகத் தெரியும். பழைய மாதிரி ஒரு அதட்டல் போட்டிருந்தால் போதும், மற்ற எல்லாவற்றையும் அம்மா விழுங்கியிருப்பாள்.

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. காலையில் தண்ணீர் வந்தது. நான் மேலே நின்று குடத்தை வாங்கி வாங்கி வைத்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் ஏறி இறங்கிச் சிந்தியதில் படி முழுக்க ஈரம். அம்மா இடது இடுப்பில் குடத்தோடு வந்தாள். முக்கால்வாசி ஏறியாயிற்று. வலது முட்டி மடங்கியது. குடம் நழுவியது. அவளுடைய வலது கை சும்மாதான் இருந்தது, கம்பி ஒரு முழ தூரத்தில் இருந்தது. அந்தக் கை கம்பிப் பக்கம் போனது. விரல் விரிந்தது. தொடுவதற்கு முன்னால் நின்றது. நான் பார்த்தேன். நெருப்பைத் தொடப் போன கை மாதிரி பின்னால் இழுத்துக்கொண்டது. அப்புறம் அம்மா என் கண்ணில் இல்லை. குடம் உருளும் சத்தம்தான் கேட்டது.

நான் இறங்கி ஓடுவதற்குள் பெரியம்மா வந்துவிட்டாள். "அய்யோ தங்கச்சி!" என்று தெருவே கேட்கிற மாதிரி அலறினாள். ஈரத்தில் அப்படியே உட்கார்ந்து அம்மாவின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அம்மாவின் மூஞ்சியில் வழிந்த வேர்வையைத் தன் முந்தானையால் துடைத்தாள். ஆட்டோவை மறித்தது அவள், காலை அசைக்காமல் தூக்கச் சொல்லிக் கத்தியது அவள், ஆஸ்பத்திரி வரைக்கும் அம்மாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்ததும் அவள். மடியில் தலையை வைக்கலாம், கையைப் பிடிக்கலாம், அந்தக் கை பிடித்த கம்பி மட்டும் ஆகாது. இது என்ன கணக்கு என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளவும் இப்போது ஆசையில்லை.

இடுப்புக்குக் கீழே தொடை எலும்பு உடைந்திருந்தது. கம்பி வைத்துக் கட்டினார்கள். கால் ஒரு விரற்கடை குட்டையாகிவிட்டது. இன்றைக்கும் அம்மா ஒருச்சாய்த்துத்தான் நடக்கிறாள். நான் பரீட்சை எழுதினேன், நல்ல மார்க்கும் வாங்கினேன். பக்கத்து ஊரான மல்லாங்கிணற்றில் கீழ்வீடாகப் பார்த்துக் குடிபோனோம்.

ஆப்பரேஷன் முடிந்த மறுநாள் காலை. பெரியம்மா அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுவந்து, ஃபிளாஸ்க்கோடு கட்டில் பக்கத்தில் நின்றாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. நானும் அப்பாவும் கால்மாட்டில் நின்றோம். சின்ன வயசு டாக்டர் ஒருவர் வந்தார். காலைப் பார்த்துவிட்டு, பழைய முட்டி விவரத்தையும் கேட்டார்.

"முட்டி இவ்ளோ தேஞ்சிருக்கு. எப்பிடிம்மா விழுந்தீங்க?"

"மாடிப்படியில சார்."

"கைப்பிடி இல்லாத படியா?"

பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. தன் கம்பியை யாராவது இல்லையென்று சொன்னால் அவளால் தாங்க முடியுமா? "அதெல்லாம் இருக்கு சார், நல்லாக் கெட்டியா, எங்க வீட்டுக்காரரு..." என்று ஆரம்பித்தாள்.

"இல்ல சார்" என்றாள் அம்மா.

மயக்கம் முழுதாகத் தெளியாத குரல். ஆனால் வார்த்தை தெளிவாக இருந்தது. "அந்தப் படிக்குக் கைப்பிடி கெடையாது சார்."

பெரியம்மாவின் வாய் திறந்தபடி நின்றது. டாக்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க யாரும்மா?"

"வீட்டுக்காரவுக" என்றார் அப்பா.

அந்தச் சின்ன டாக்டர் விட்டார் பாருங்கள் ஒரு ஏச்சு. "மாடிய வாடகைக்கு விடத் தெரியுதுல்ல? ஏறி எறங்குறவங்க பிடிக்க ஒரு கம்பி போடணும்னு தெரியாதா? ஒரு கம்பிக்குக் கணக்குப் பாத்து ஒரு மனுஷி கால ஒடச்சுட்டீங்களேம்மா. பெரியவங்க, மனசாட்சி வேணாமா?"

பக்கத்துக் கட்டில்காரர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பெரியம்மா அம்மாவைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லேன் என்பது போலப் பார்த்தாள். அம்மா மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

டாக்டர் பதிலுக்காக நின்றார்.

"போட்டுர்றேன் சார்" என்றாள் பெரியம்மா.